பன்னீராயிரம் பட்டங்கள்

(கோடை விடுமுறையில் நடைபெறவுள்ள பிள்ளைகள் விழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில், இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குப் பல நினைவுகள் எழக்கூடும். அரசர்கள் பட்டம் சூட்டிக்கொண்டனர். அதன்பொருட்டு அண்ணன் தம்பியை வெட்டினான். வெள்ளையன் பட்டம் வழங்கினான். அதைப் பெறும்பொருட்டுச் சிலர் முதுகு வளைந்து நின்றனர். பல்கலைக் கழகம் பட்டம் தருகிறது. அதைக் கையிலே வைத்துக்கொண்டு வேலை தேடி அலைகின்ற பிள்ளைகள் நம் தெருதோறும் உண்டு. இந்தப் பட்டங்களைப் பற்றியெல்லாம் நாம் மேடையிலே நிறையப் பேசியிருக்கிறோம்.

இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு பட்டத்தைப் பற்றி. பழைய தாளிலும் ஈர்க்குச்சியிலும் சோற்றுப் பசையிலும் பிறக்கின்ற பட்டம். எவரும் எவருக்கும் சூட்டாத பட்டம். எவரிடமும் கைகட்டி நின்று பெறவேண்டாத பட்டம். ஒரு சிறுவன் தானே செய்து, தானே பறக்கவிட்டு, தானே அண்ணாந்து பார்த்து மகிழ்கின்ற பட்டம்!

போரிடையே வாழும் குழந்தைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று நம் கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். குண்டு வீச்சையும் குருதியையும் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் ஒரு திருவிழாவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024ஆம் ஆண்டிலே, காசாவில் நடக்கும் போரை நிறுத்தக் கோரி நம் ஊரிலே ஓர் ஊர்வலம் நடத்தினோம். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கையிலே நாம் ஓர் அட்டையைக் கொடுத்திருந்தோம். வெள்ளைத் துணியிலே சுற்றப்பட்ட ஒரு சிறு உடலின் படம் அதிலே இருந்தது. பாதி வழியிலே அந்தச் சிறுமி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "மாமா, இந்தப் பாப்பாவுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?"

நான் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. காசாவிலே எத்தனை மருத்துவமனைகள் இடிந்தன என்று எனக்குத் தெரியும். எந்த நாடு எந்தத் தீர்மானத்தை எதிர்த்தது என்று தெரியும். அந்தப் பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்று தெரியும். எப்படி விளையாடினார்கள் என்று தெரியாது. இறந்த பிறகுதான் அந்தக் குழந்தை எனக்கு அறிமுகம் ஆகியிருக்கிறது! இது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிரவு முதல் தேடத் தொடங்கினேன். தேடியபோது கண்டதுதான் பட்டம்.

காசா என்பது எவ்வளவு பெரிய நாடு என்று எண்ணுகிறீர்கள்? நீளம் 41 கிலோமீட்டர். அகலம் 6 முதல் 12 கிலோமீட்டர். பரப்பு 365 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்றால், அதைவிடச் சிறிய ஒரு கடற்கரைத் துண்டு! அதிலே 2011ஆம் ஆண்டளவில் சுமார் 16 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களிலே ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைகள்.

அந்த மக்களிலே பெரும்பாலோர் அந்த மண்ணுக்கே உரியவர்கள் அல்லர். 1948ஆம் ஆண்டு இஸ்ரேல் நாடு அமைந்தபோது மூண்ட போரிலே, ஊரையும் வீட்டையும் வயலையும் விட்டு விரட்டப்பட்டவர்களும் அவர்கள் வழி வந்தவர்களுமே ஆவர். அவர்களுக்கென ஐக்கிய நாடுகள் மன்றம் 1949ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நிவாரண நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1950 மே மாதம் அது பணி தொடங்கியது. கூடாரத்திலே தொடங்கிய அந்தப் பணி, பள்ளிக்கூடமாகவும் மருந்தகமாகவும் வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது.

1967ஆம் ஆண்டுப் போரிலே இஸ்ரேல் காசாவைக் கைப்பற்றியது. 2005ஆம் ஆண்டிலே தன் குடியிருப்புகளையும் படையையும் விலக்கிக்கொண்டது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஹமாஸ் வென்றது. 2007ஆம் ஆண்டிலே ஆயுத மோதலுக்குப் பின் காசாவின் ஆட்சி முழுவதையும் தன் கையிலே எடுத்துக்கொண்டது. உடனே முற்றுகை இறுகியது. தரையிலும் கடலிலும் வானிலும் இஸ்ரேல் காவல் போட்டது. தெற்கு வாயிலை எகிப்து அடைத்தது. 2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை நடந்த போரிலே காசாவில் ஏறத்தாழ 1,400 பேர் மாண்டனர். அவர்களிலே 300க்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

இப்படிப்பட்ட இடத்திலேதான், தோழர்களே, ஒரு திருவிழா நடந்தது!

கோடை விடுமுறை தோறும், ஐ.நா. நிவாரண நிறுவனம் பிள்ளைகளுக்கென விளையாட்டு விழா நடத்திற்று. ஒரு நாள் கூத்து அன்று. வாரக்கணக்கில் நடந்த விழா. பந்தாட்டம், நீச்சல், ஓவியம், நாடகம், கைத்தொழில் எல்லாம் உண்டு. 2010ஆம் ஆண்டிலே சுமார் இரண்டரை லட்சம் பிள்ளைகள் அதிலே கலந்துகொண்டனர். ஆசிரியர்களும் இளைஞர்களும் தாய்மார்களும் துணை நின்றனர். விழாவின் சிகரமாக ஒரு நாள், வடக்கே பெய்த் லஹியாவின் கடற்கரையிலே பிள்ளைகள் திரண்டு பட்டம் விட்டனர்.

2009 ஜூலையிலே, போர் முடிந்து ஆறே மாதத்திலே, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பட்டங்கள் ஒரே நேரத்திலே பறந்தன. அதுவே உலகச் சாதனை என்று கின்னஸ் ஏட்டிலே பதிவாயிற்று. 2010 ஜூலையிலே 7,202 பட்டங்கள். 2011 ஏப்ரலிலே சீனத்து வெய்ஃபாங் நகரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பட்டங்களைப் பறக்கவிட்டு அந்தச் சாதனையை முறியடித்தது. வெய்ஃபாங் பட்டக் கலைக்கே பெயர் பெற்ற நகரம். காசாப் பிள்ளைகள் விட்டார்களா? மூன்றே மாதத்திலே, 2011 ஜூலை 28ஆம் நாள், 12,350 பட்டங்களை விண்ணிலே ஏற்றிச் சாதனையை மீட்டுக்கொண்டார்கள்!

இன்னொன்றும் கேளுங்கள். காசாவிலே ஒரு விமான நிலையம் இருந்தது. 1998 நவம்பரில் திறந்தார்கள். ஓரிரண்டு ஆண்டுகளிலே மூடப்பட்டது. 2001ஆம் ஆண்டிலே இடிக்கப்பட்டது. விமானம் வராத அந்தப் பாழிடத்திலே 2010 ஜூலையில் ஒரு நாள் 7,203 பிள்ளைகள் கூடி, ஆளுக்கொரு கூடைப்பந்தைத் தரையிலே தட்டித் தட்டி எழுப்பி இன்னொரு சாதனை படைத்தார்கள். பெரியவர்களின் அரசியல் பாழாக்கிய இடத்தைப் பிள்ளைகள் ஆடுகளம் ஆக்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு தோழர் என்னைக் கேட்கக்கூடும்: "குடிக்க நீரில்லை, மின்சாரம் இல்லை, இடிந்த வீட்டைக் கட்டச் சிமிட்டி இல்லை, இந்த நிலையிலே விழா ஒரு கேடா? பட்டம் பசி தீர்க்குமா?" என்று.

நியாயமான கேள்வி. தீர்க்காதுதான். பட்டம் முற்றுகையை உடைக்காது, குண்டைத் தடுக்காது, இடிந்த பள்ளியை எழுப்பாது. ஆனால் போர் ஒரு குழந்தையிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சோற்றைப் பறிக்கிறது, வீட்டைப் பறிக்கிறது, தந்தையைப் பறிக்கிறது. இவற்றோடு இன்னொன்றையும் பறிக்கிறது. குழந்தைமையையே பறிக்கிறது! ஏழு வயதுப் பிள்ளைக்கு விமானத்தின் ஒலியை வைத்தே அதன் வகை தெரிகிறது. பத்து வயதுப் பெண் தம்பியைத் தோளிலே சுமந்து, தண்ணீருக்கு வரிசையிலே நின்று, ரொட்டியைப் பங்கிட்டுக் குடும்பத் தலைவி ஆகிவிடுகிறாள். அண்ணாந்து பார்த்தால் அச்சம். வானம் என்றால் சாவு வரும் வழி. அந்த வானத்தை ஒரு பிற்பகலுக்கேனும் தன் வானம் என்று அந்தப் பிள்ளை உரிமை கொண்டாடியது என்றால், அது சிறிய செயலா?

இது கருணையும் அன்று, உரிமை. 1989 நவம்பர் 20ஆம் நாள் ஐ.நா. மன்றம் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்று சொல்கிறது. இஸ்ரேல் 1991ஆம் ஆண்டிலே அதை ஏற்றது. நம் இந்தியா 1992ஆம் ஆண்டிலே ஏற்றது. பாலஸ்தீனம் 2014ஆம் ஆண்டிலே ஏற்றது. ஆகவே, சோறு கொடுத்தாயிற்று, விளையாட்டு பிறகு என்று எவரும் சொல்ல முடியாது.

விழா எளிய செயல் என்று எண்ணுகிறவர்கள், அதைக் கண்டு அஞ்சியவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். 2010ஆம் ஆண்டின் முற்பாதியை எடுத்துக்கொள்வோம்.

வெளியே இஸ்ரேலின் முற்றுகை. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களும் இசைக்கருவிகளும்கூட அந்நாளிலே தடையின்றிக் காசாவுக்குள் போக முடியவில்லை. மே மாத இறுதியிலே நிவாரணக் கப்பல்கள் கடலிலே தாக்கப்பட்டு, உலகம் கொதித்தெழுந்த பிறகுதான், ஜூன் மாதத்திலே அந்தத் தடை தளர்ந்தது. பொம்மையைக் கண்டு ஓர் அரசு அஞ்சிய கதை இது!

உள்ளே என்ன நடந்தது? அதே மே மாதம் 23ஆம் நாள், முகமூடி அணிந்து ஆயுதம் ஏந்திய முப்பது பேர் கொண்ட ஒரு கும்பல், காசா கடற்கரையிலே அமைந்திருந்த விளையாட்டு விழா முகாமுக்குள் புகுந்தது. காவலாளியைக் கட்டிப்போட்டு, முகாமைக் கொளுத்தியது. ஐ.நா. நிறுவனத்தின் காசாத் தலைவராக இருந்த ஜான் கிங் என்ற அயர்லாந்துக்காரருக்குத் துப்பாக்கிக் குண்டுகளோடு ஒரு மிரட்டல் கடிதத்தை விட்டுச் சென்றது. பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் ஆட்டமும் கற்றுக்கொடுத்து ஒழுக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று, சில நாள்களுக்கு முன்பே ஒரு தீவிரக் குழு குற்றம் சாட்டியிருந்தது. ஜூன் மாதத்திலே மீண்டும் ஒரு முகாம் தாக்கப்பட்டது.

வெளியே இருப்பவன் பொம்மையைத் தடுக்கிறான். உள்ளே இருப்பவன் விளையாடும் இடத்தைக் கொளுத்துகிறான். இருவரும் ஒருவரையொருவர் பகைவர் என்கிறார்கள். ஆனால் விளையாடுகின்ற குழந்தை இருவருக்குமே பிடிக்கவில்லை! ஒருவனுக்கு அந்தக் குழந்தை நாளைய எதிரி. மற்றவனுக்கு நாளைய படைவீரன். இன்றைய குழந்தை என்று பார்ப்பதற்கு இருவரிலும் ஆளில்லை.

காசா மக்கள் என்ன செய்தார்கள்? எரிந்த முகாமை மீண்டும் எழுப்பினார்கள். பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலே பூட்டி வைக்கவில்லை, கடற்கரைக்கு அனுப்பினார்கள். மே மாதம் எரித்தார்கள். ஜூலை மாதம் 7,202 பட்டங்கள் பறந்தன. முந்திய ஆண்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு! கொளுத்தியவர்களுக்கு அந்த ஊர் தந்த மறுமொழி அது. தாளும் குச்சியும் நூலும் போதும். காற்றுக்கு எவருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

தோழர்களே! இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டலோடு முடித்துவிடலாம். ஆனால் நாம் உண்மை பேசக் கடமைப்பட்டவர்கள். பட்டத்தின் கதையிலே கசப்பான பக்கமும் உண்டு.

2018 மார்ச் 30ஆம் நாள் முதல், தம் முன்னோர் ஊருக்குத் திரும்பும் உரிமை கோரிக் காசா மக்கள் எல்லை வேலியருகே திரண்டனர். இஸ்ரேல் படையினரின் துப்பாக்கிச் சூட்டிலே பலர் மாண்டனர், பல்லாயிரவர் காயமுற்றனர். அந்த நாள்களிலே சிலர் பட்டத்தின் வாலிலே தீப்பந்தத்தைக் கட்டி எல்லைக்கு அப்பால் அனுப்பினர். அங்கே கோதுமை வயல்கள் எரிந்தன. ஆயுதமற்றவனின் ஆயுதம் என்று அன்று சிலர் அதைப் புகழ்ந்தனர். நான் புகழமாட்டேன். ஒடுக்கப்பட்டவன் சினம் கொள்வது இயல்பு. அந்தச் சினத்துக்கு நான் நீதி கேட்பேன். ஆனால் குழந்தையின் விளையாட்டுப் பொருளை எடுத்து அதிலே தீ வைத்தபோது, அந்தக் குழந்தையிடமிருந்து இன்னொன்று பறிபோயிற்று என்பதை மறைக்கமாட்டேன். அதன்பின் எல்லைக் காவலனின் கண்ணுக்கு ஒவ்வொரு பட்டமும் ஐயத்துக்குரியதாயிற்று.

எல்லைக்கு அப்பாலும் பட்டம் விட்டவர்கள் இருந்தார்கள். வேலியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலே கஃபார் அசா என்ற இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு உள்ளது. காசாவிலிருந்து வரும் ராக்கெட்டுகளுக்கு அஞ்சி அடிக்கடி பதுங்கறைக்கு ஓடிய ஊர் அது. அந்த ஊர் மக்கள் ஆண்டுதோறும் ஒரு பட்டத் திருவிழா நடத்தினார்கள். காசாவை நோக்கி அமைதிச் செய்தியோடு பட்டம் விடுவது அவர்கள் வழக்கம். 2023ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அவர்கள் குறித்த நாள் எது தெரியுமா? அக்டோபர் 7!

அன்று காலையிலே ஹமாஸ் படை எல்லை கடந்து புகுந்தது. இஸ்ரேலிலே சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகக் கொண்டு போகப்பட்டனர். இரு வகையிலும் குழந்தைகள் இருந்தனர். அந்தப் பட்டத் திருவிழாவை முன்நின்று நடத்திவந்த குடும்பத்திலே, தாய், தந்தை, பிள்ளைகள் மூவர் ஆக ஐவரும் தம் வீட்டிலேயே மாண்டனர். அன்று மாலை கஃபார் அசாவின் வானிலே பட்டம் ஏறவில்லை.

அதன்பின் காசாவின் மீது பொழிந்த நெருப்பை நீங்கள் அறிவீர்கள். காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கிலே, 2025ஆம் ஆண்டு முடிவதற்குள் மாண்ட குழந்தைகள் மட்டும் 18,000க்கு மேல். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது, பள்ளிக் கட்டடங்களிலே பெரும்பாலானவை இடிந்தோ, வீடிழந்தோரின் தங்குமிடமாகவோ இருந்தன. பட்டத் திருவிழா நடத்திய அதே ஐ.நா. நிறுவனத்தின் ஊழியர்களிலே முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தப் போரிலே உயிரிழந்தனர். அந்த நிறுவனம் இயங்குவதைத் தடுக்கும் சட்டங்களை இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் நிறைவேற்றியது.

இரண்டு பக்கத்தையும் சொன்னதால், ஆக்கிரமித்தவனையும் ஆக்கிரமிக்கப்பட்டவனையும் நான் ஒரே தட்டிலே வைத்துவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அரசுகளின் வலிமை சமமன்று. இழைத்த அழிவும் சமமன்று. மண்ணை இழந்தவர் யார் என்பதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் குழந்தைகள் சமம்! வேலிக்கு இப்பால் பட்டம் விட்ட பிள்ளைக்கும் அப்பால் பட்டம் விட்ட பிள்ளைக்கும் காற்று ஒன்றே. இதைச் சொல்லத் தயங்குகின்ற அரசியல், நீதிக்கான அரசியலாக நெடுநாள் நிலைக்காது.

எண்களைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டிலே காசாப் பிள்ளைகளை உலகம் எண்ணியது. 12,350 பட்டங்கள்! ஒவ்வொரு பட்டத்துக்குப் பின்னும் ஒரு சிறு கை, ஒரு நூற்கண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் மறுபடியும் அவர்களை எண்ணத் தொடங்கியது. இம்முறை எண்ணியது பிணங்களை. இறந்தோரின் எண்ணிக்கை பறந்த பட்டங்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது! முதல் எண்ணை அறியாதவருக்கு இரண்டாம் எண் வெறும் எண். அறிந்தவருக்கு அது நெஞ்சைப் பிளக்கும் எண். விழாவைப் பற்றிப் பேச வந்தேன் என்றேனே, அதன் காரணம் இதுதான்.

அந்தப் பிள்ளைகளை வாங்கும் கைகளாக மட்டுமே உலகம் பார்த்தது. அவர்கள் கொடுக்கவும் தெரிந்தவர்கள். 2011 மார்ச்சில் ஜப்பானிலே நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. மறு ஆண்டு மார்ச்சிலே, தெற்குக் காசாவின் கான் யூனிசில் பள்ளிப் பிள்ளைகள் கூடி, ஜப்பானியப் பிள்ளைகளின் துயரிலே பங்குகொள்வதாகப் பட்டம் விட்டார்கள். பின்னர் ஆண்டுதோறும் அதைத் தொடர்ந்தார்கள். 2015ஆம் ஆண்டிலே காசா மாணவர் மூவர் ஜப்பான் சென்று, ஆழிப்பேரலை அழித்த கமாய்ஷி நகரிலே அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து பட்டம் விட்டார்கள். முற்றுகையிலே கிடப்பவன், கடலால் அடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்கிறான்! பெரிய வல்லரசுகளின் தூதர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அன்றோ இது?

நமக்கும் அந்த மண்ணுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 1947 நவம்பரில் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா. மன்றத்திலே வந்தபோது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1956 முதல் 1967 வரை ஐ.நா. அமைதிப் படையிலே இந்தியப் போர்வீரர்கள் காசாவிலே காவல் நின்றனர்; அங்கே உயிர் நீத்தவர்களும் உண்டு. 1988ஆம் ஆண்டிலே பாலஸ்தீன நாட்டை இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆனால் 2023 அக்டோபரில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்திலே வாக்களிக்காமல் ஒதுங்கியது; டிசம்பரில் ஆதரித்தது; 2025 ஜூனில் மீண்டும் ஒதுங்கியது. குழந்தைகளின் உயிரைப் பற்றிய கேள்வியிலே ஒதுங்கி நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று நம் அரசை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வாயில்கள் திறக்கட்டும், பள்ளிகள் எழட்டும், நிவாரணப் பணி தடையின்றி நடக்கட்டும் என்று கேட்கவேண்டும். விழா என்பது இந்தக் கோரிக்கைகளுக்கு மாற்று அன்று. இவை யாருக்காக என்பதை நினைவூட்டுவது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கோடை விடுமுறையிலே, ஊர்ப் பொட்டலிலே பிள்ளைகள் விழா நடத்துவதென முடிவு செய்திருக்கிறோம். அதிலே பட்டம் விடும் நிகழ்ச்சியைச் சேர்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு மூன்று நிபந்தனைகளும் வைக்கிறேன். மூன்றாவது உங்களிலே சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

முதலாவது, மாஞ்சா நூல் கூடாது. கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் நம் நகரங்களிலே எத்தனை கழுத்துகளை அறுத்திருக்கிறது என்று அறிவீர்கள். விளையாட்டிலே ஆயுதம் புகுவதைக் காசாவிலே தவறு என்றால், நம் தெருவிலும் தவறே.

இரண்டாவது, பட்டத்தைக் கடையிலே வாங்கிக் கொடுக்கவேண்டாம். பிள்ளைகளே செய்யட்டும். சேரிப் பிள்ளையும் மாடிவீட்டுப் பிள்ளையும் ஒரே கிண்ணத்துப் பசையிலே விரல் வைக்கட்டும். செய்யும்போது காசாவின் கதையைச் சொல்லுங்கள். எப்படி மாண்டார்கள் என்பதைப் பிறகு சொல்லலாம். எப்படிப் பறக்கவிட்டார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

மூன்றாவது, பட்டங்களிலே நம் கொடியின் வண்ணம் வேண்டாம்! நம் தலைவர்களின் படம் வேண்டாம். முழக்கம் எழுதவும் வேண்டாம். முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது. "இயக்கம் நடத்தும் விழாவிலே இயக்கத்தின் அடையாளம் இல்லையா?" என்கிறீர்கள். கொடியைக் கம்பத்திலே ஏற்றுங்கள். அதன் கீழே நான் உங்களோடு நிற்பேன். ஆனால் பட்டம் பிள்ளையுடையது. பிள்ளை நாளை நம்மோடு வரலாம், வராமலும் போகலாம். அவன் வருவான் என்பதற்காக நாம் விழா நடத்தினால், நாமும் குழந்தையைப் பயன்படுத்தியவர்கள் வரிசையிலே ஒரு மூலையில் நின்றவர்கள் ஆவோம். அந்தச் சிறுமியின் கையிலே அன்று பிணத்தின் படத்தைக் கொடுத்தேனே, அது என் தவறு. ஏந்தவேண்டியவன் நான், அவள் அல்லள். அந்தத் தவறை மறுமுறை செய்யமாட்டேன்.

அவள் இந்தத் தெருவிலேதான் இருக்கிறாள். அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. கூட்டம் முடிந்ததும் போய்ச் சொல்லப் போகிறேன்: அட்டையிலிருந்த அந்தப் பாப்பாவின் பெயர் எனக்குத் தெரியாது, அம்மா, ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் விடப் பிடிக்கும். உலகத்திலேயே மிக அதிகமாகப் பட்டம் விட்ட பிள்ளைகள் அவர்கள்.

விழாவன்று அவள் செய்த பட்டம் எந்த வண்ணத்திலே பறக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை அவளே முடிவு செய்யட்டும். நூல் அறுந்து போகாமல் காவல் நிற்பது மட்டும் நம் வேலை.